பிரீதர் மூடியில் எம்-சீல் போட்ட புண்ணியவான்

வெண்ணாற்றங்கரை:
குடந்தை டீசல் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய ஆல் வீல் டிரைவ் காரில் பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற கியர்ப் பெட்டி) மேலே இருக்கிற பிரீதர் மூடி, அதாவது காற்று போய்வருகிற துளையின் மூடி, லொடலொடவென்று ஆடியதாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையை உருட்டி ஒட்டிவிட்டாராம். ‘இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது’ என்று நமக்கெல்லாம் உபதேசம் வேறு.

ஐயா, அந்த மூடி ஆடத்தான் செய்யும். ஆடுவதுதான் அதற்கு வேலை. வண்டி ஓடினால் கியர் ஆயில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். ஆறினால் திரும்ப வரும். அதை அடைப்பது தூங்குகிற ஆளின் மூக்கைப் பொத்துகிற மாதிரி. 80 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை 30 டிகிரி வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். மேலே வழி இல்லாவிட்டால் எங்கிருந்து இழுக்கும்? சுழலும் தண்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீல் வழியாக. ஆயில் வெளியே வராமல் பிடிக்கத்தான் அந்த சீல் உதடு. வெளியிலிருந்து இழுக்கிற தண்ணீரைத் தடுக்க அல்ல.

குடந்தை டீசல்:
வாத்தியார் வந்துவிட்டார். நான் ஒட்டியது நேற்று இல்லை சார், 2022-ல். மூன்று மழைக்காலம் பார்த்தாயிற்று. கொள்ளிடக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்றும் ஆகவில்லை.

வெண்ணாற்றங்கரை:
டிஃபரன்ஷியல் அடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைத் திறந்து பார்த்தீர்களா?

குடந்தை டீசல்:
சத்தம் வந்தால்தானே திறக்க வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
திறந்து பார்த்தீர்களா, இல்லையா?

புதுவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஆல் வீல் டிரைவ், ஃபோர் பை ஃபோர் இரண்டும் ஒன்றுதானே? என் வண்டியில் முன்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்புகிற பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் பிரீதர் உண்டா?

நாற்றங்கால்:
கார் வைத்திருக்கிறவர்கள் இப்போதுதான் பிரீதரைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் போல. கேஜ்வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி சேறடிக்கும்போது எங்கள் டிராக்டரின் முன் ஆக்ஸில் முழுக்கச் சேற்றில்தான் கிடக்கும். குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை பிரீதரைக் கழற்றி டீசலில் போட்டு ஊதி மாட்டுவோம். போன குறுவையில் ஒருநாள் விட்டுப்போச்சு. சேறு காய்ந்து கல்லாகி அடைத்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் பார்த்தால் ஹப் சீல் பிதுங்கி, சக்கரம் முழுக்க ஆயில். குடந்தைக்காரர் காசு கொடுத்து எம்-சீல் வாங்கிச் செய்ததை எங்கள் வயல் சேறு ஓசியில் செய்தது.

குடந்தை டீசல்:
டிராக்டரையும் காரையும் ஒன்றாகப் பேசினால் என்ன சொல்வது? என் வண்டியில் சேறே கிடையாது. தண்ணீர்தான் பிரச்சினை. மூடி ஆடினால் தண்ணீர் போகும், ஒட்டினால் போகாது. இதற்கு எதற்கு டிகிரிக் கணக்கு?

நாற்றங்கால்:
அதாவது டிராக்டர் வண்டி இல்லை. சரிங்க. அடுத்த மழையில் உங்கள் கார் பள்ளத்தில் இறங்கினால் கயிறு கட்டி இழுக்க ஒரு காரையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உப்பளத்தான்:
மூடி ஆடுவதற்கே கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேதாரண்யம் பக்கம் வந்து பாருங்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்து மூடி தானாகவே ஒட்டிக்கொள்ளும். எம்-சீல் செலவு மிச்சம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் இரண்டு நாள் சாய்ந்து கிடந்த தென்னைகளைச் சுற்றித் தண்ணீரிலேயே என் பழைய ஜீப்பை ஓட்டினேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் டிகிரி காபி நிறத்தில் நுரையோடு வந்தது.

குடந்தை டீசல்:
டிகிரி காபிக்கு நுரை மேலே நிற்கும், நிறம் வேறு. எங்கள் ஊர்க் காபியை கியர் ஆயிலோடு சேர்க்க வேண்டாம்.

உப்பளத்தான்:
சரி, ஹைவேயில் பித்தளை டபரா மாட்டிய போர்டு வைத்து விற்கிறார்களே, அந்தக் காபி நிறம் என்று திருத்திக்கொள்கிறேன்.

குடந்தை டீசல்:
ஹைவே காபிக்கு நாங்கள் பொறுப்பில்லை. அதில் பாதிக்கடைக்காரர்கள் கும்பகோணத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை:
காபியை விடுங்கள். டிரெயின் போல்ட்டைத் திறந்து பார்த்தீர்களா? பார்க்கிற முறையைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க வண்டி நிற்கட்டும். தண்ணீர் கனம், கீழே இறங்கிவிடும். காலையில் வண்டியைக் கிளப்பாமல், முதலில் மேலே ஆயில் ஊற்றுகிற போல்ட்டைத் தளர்த்துங்கள். அது திறக்காமல் கீழே திறந்து ஆயிலை விட்டுவிட்டு நடுரோட்டில் நின்றவர்கள் உண்டு. அப்புறம் கீழ் போல்ட்டை மெதுவாக, முழுக்கக் கழற்றாமல், கசிகிற அளவுக்கு. முதலில் விழுகிற நாலு சொட்டை உள்ளங்கையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். நன்றாகக் கலந்துபோயிருந்தால் ஆயில் மோர் மாதிரி வரும்.

அப்புறம் ஒட்டுகிற ஆசையே விட்டுப்போகிற வழி ஒன்று இருக்கிறது. அந்த மூடி நிப்பிளைக் கழற்றிவிட்டு, குழாய் மாட்டுகிற நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸ் ஒன்றைப் பின் விளக்குக்குப் பின்னால் வரை ஏற்றிவிடுங்கள். நடுவில் தொய்வு விழக்கூடாது, விழுந்தால் அங்கே ஆயிலோ தண்ணீரோ தேங்கி அதுவே அடைப்பாகிவிடும். முனை கீழே பார்க்க வளைந்திருக்க வேண்டும். ஜீப் மாதிரி முழு ஆக்ஸிலே மேலும் கீழும் ஆடுகிற வண்டிக்கு ஹோஸ் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். குடந்தைக்காரர் காரில் பின் டிஃபரன்ஷியல் பாடியோடு நிற்கும், அவ்வளவு தேவையில்லை. நான் 2015-லேயே இதைச் செய்துவிட்டேன். இங்கே அப்போது எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

குடந்தை டீசல்:
சொல்லிக்கொண்டீர்களே! போன வருஷம் டயர் காற்றுக்கும் இதே மாதிரிதான் 28-தான் சரி, 28-தான் சரி என்று நாலு பக்கம் எழுதினீர்கள். கடைசியில் உங்கள் கதவு ஸ்டிக்கரிலேயே 33 என்று இருந்தது.

வெண்ணாற்றங்கரை:
அது மணலுக்குச் சொன்னது. மணலுக்கு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

உப்பளத்தான்:
மூன்றாவது பக்கத்தில் எழுதியிருந்தீர்கள்.

புதுவண்டி:
மன்னிக்கவும், பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட்டில் ஒரு லிட்டர்கூட ஆயில் இல்லையாம், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் சூடேறிக்கொண்டே இருக்குமாம். மேனுவலில் பிரீதர் பற்றி ஒன்றும் காணோம். யாராவது?

நாற்றங்கால்:
தம்பி, ஆல் வீல் டிரைவ் வேறு, ஃபோர் பை ஃபோர் வேறு. கீழே லோ கியர் இருந்தால்தான் ஃபோர் பை ஃபோர்.

குடந்தை டீசல்:
அதெல்லாம் கிடையாது. நாலு சக்கரமும் சுற்றினால் நாலும் ஒன்றுதான். மஹிந்திரா தார் வண்டி 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனிக்காரனே சொல்கிறான். அவன் பின் விளக்குக்கு ஹோஸ் இழுக்கச் சொன்னானா?

வெண்ணாற்றங்கரை:
அவன் எம்-சீல் போடச் சொன்னானா?

குடந்தை டீசல்:
இந்தாருங்கள், உங்களுக்காகவே இன்று காலையில் மேல் போல்ட்டைத் திறந்தேன். ஸ்பானர் போட்டுக் கால் சுற்று சுற்றியதும் புஸ்ஸென்று காற்று இழுத்தது. அவ்வளவு டைட்டாக நிற்கிறது என் எம்-சீல்! விரலை விட்டு எடுத்தேன், ஆயில் தேன் மாதிரி இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
புஸ்! எல்லோரும் படித்தீர்களா? அவரே எழுதியிருக்கிறார். மூன்று வருஷமாக நான் கத்த வேண்டியதை அவர் டிஃபரன்ஷியலே கத்திவிட்டது. உள்ளே இழுவை நிற்கிறது ஐயா. இதே நேரத்தில் தண்ணீரில் இருந்திருந்தால் அந்தக் காற்றுக்குப் பதில் வெண்ணாறு உள்ளே போயிருக்கும். தண்ணீர் கீழே நிற்கும் என்று சொன்னேன், இவர் மேலே விரலை விட்டிருக்கிறார். கீழ் போல்ட்டைத் திறந்தீர்களா?

குடந்தை டீசல்:
மேலே சுத்தமாக இருந்தால் கீழேயும் சுத்தம்தான். அது என்ன கிணறா, அடியில் ஒன்று மேலே ஒன்று இருக்க?

நாற்றங்கால்:
படத்தில் இருக்கிற விரலில் எம்-சீல் ஒட்டியிருக்கிறதே, அது எப்போது உருட்டியது?

வெண்ணாற்றங்கரை:
ஞாயிற்றுக்கிழமை வண்டியை நீடாமங்கலம் கொண்டுவாருங்கள். என் எதிரில் கீழ் போல்ட்டைத் திறப்போம். ஆயில் என் செலவு.

குடந்தை டீசல்:
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று நின்றே என் டிஃபரன்ஷியல் ஆறிவிடும். நீங்கள் கும்பகோணம் வாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஆறட்டும், ஆறினால்தான் தண்ணீர் கீழே இறங்கும். மூடியை ஒட்டியது நீங்கள், வர வேண்டியதும் நீங்கள்.

உப்பளத்தான்:
இரண்டு பேரும் மன்னார்குடியில் சந்தித்தால் நானும் வருவேன். டபரா நான் கொண்டுவருகிறேன்.

குடந்தை டீசல்:
மூடி இன்னும் ஆடவில்லை. கல் மாதிரி நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
ஆட வேண்டும் என்றுதானே முதல் வரியிலிருந்து சொல்கிறேன்!

புதுவண்டி:
பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட் மேலே சின்னதாக ஒரு கறுப்பு மூடி தெரிகிறது. ஆடுகிறது. ஒட்டிவிடட்டுமா?