அன்னையர் தினத்துக்கு அம்மாவை ஓட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டும்: மண்டபம், ராமநாதபுரம் பக்கம் யோசனை சொல்லுங்கள்

பாம்பன் பிள்ளை:

வணக்கம். எங்கள் அம்மா பாம்பன் கரையில் மீன் எடுத்து ராமநாதபுரத்தில் விற்பவர். விடியுமுன்னே கரைக்குப் போய் ஏலத்தில் நின்று, ஐஸ் போட்டு, அன்னக்கூடையோடு பஸ் ஏறி, கேணிக்கரை, வண்டிக்காரத் தெரு என்று சுற்றிவிட்டு மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார். அப்பா போனபிறகு அக்காவை நர்சிங்கும் என்னை டிப்ளமோவும் படிக்கவைத்தது அந்தக் கூடைதான். இந்த வருஷம் அக்கா துபாயிலிருந்து மே மாதம் லீவில் வருகிறாள். மே 2வது ஞாயிறு அன்னையர் தினம், அன்று மதியம் ஒரு நல்ல ஓட்டலில் அம்மாவை உட்காரவைத்து சாப்பிட வைக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்து மொத்தம் 9 பேர். கடல் தெரிகிற மாதிரி இடமாக இருந்தால் நல்லது, வஞ்சிரம், நண்டு, இறால் என்று எல்லாம் வரவேண்டும். 10,000 ரூபாய் வரைக்கும் செலவு செய்யலாம். அம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன், "எதுக்குத் தண்டச் செலவு, நானே ஆக்கிர்றேன்" என்றார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எந்தப் பக்கம் போகலாம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் மாஸ்டர்:

தம்பி, நான் ஓட்டல் அடுப்படியில் நிற்கிறவன், அதனால் சாப்பாட்டுச் சங்கதியை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்ம கடலில் தடைக்காலம், விசைப்படகு போகாது என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சொல்லும் ஞாயிறு அதன் நடுவில் வருகிறது. அந்த நேரத்தில் ஓட்டலில் வஞ்சிரம் கிடைத்தால் அது பெரும்பாலும் கேரளா பக்கத்திலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும், ஏனென்றால் மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. மசாலா போட்டுப் பொரித்து வைத்தால் சுற்றுலா வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் அம்மா முதல் துண்டை விரலால் பிரிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் அந்தச் சாப்பாடு முழுக்க விலையைப் பற்றித்தான் பேச்சு போகும்.

மீன்தான் வேண்டும் என்றால் நாட்டுப்படகு மீன் கேளுங்கள். விளைமீன், பாறை, நகரை, கணவாய், நண்டு இவை தடைக்காலத்திலும் வரும். இரண்டு நாள் முன்னாடி ஓட்டலில் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், போனில் சொன்னால் மறந்துவிடுவார்கள். மெனுவில் விலை போடாமல் அன்றைய விலை என்று இருந்தால், சமைக்கும் முன்னே மீனைக் காட்டச் சொல்லி எடையையும் விலையையும் பேசிக்கொள்ளுங்கள். இது சண்டை இல்லை, நாங்களே எதிர்பார்ப்பதுதான். கோடை லீவு ஞாயிறு என்பதால் ராமேஸ்வரம் ரோட்டில் மதியம் வேன் வேனாக வந்து இறங்குவார்கள், 12 மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் 9 பேருக்கும் ஒன்றாக இடம் கிடைக்கும், கவனிப்பும் இருக்கும்.

தங்கச்சிமடம் அக்கா:

தம்பி, மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னாடி ஒன்றைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவுக்கு யாவாரம் எப்படி? எங்கள் அம்மாவும் கூடை தூக்கியவர்தான். ராமநாதபுரத்தில் வாரம் முழுக்க வாங்காத வீடு ஞாயிறு காலையில் வாசலில் நின்று கூப்பிடும். தடைக்காலத்தில் மீன் கம்மி, விலை ஏறி நிற்கும், கையில் நாலு காசு நிற்கிற ஞாயிறு அது. அன்றைக்கு 12 மணிக்கு முன் ஓட்டலில் உட்கார் என்றால், வழக்கமாக வாங்குகிற வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார்கள் என்கிற கவலையில் அவருக்குச் சோறு இறங்காது. தண்டச் செலவு என்று அவர் சொன்னதில் இதுவும் சேர்ந்திருக்கலாம்.

அதனால் வெள்ளிக்கிழமை வையுங்கள். ஊருக்குள் பாதி வீடு கவிச்சி வாங்காது, அவரே சீக்கிரம் திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்து குளித்து, சேலை மாற்றி, கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு சாயங்காலம் கிளம்பட்டும். கூடையை இறக்கிய கையோடு ஏசி ரூமுக்குள் வரச் சொன்னால் எங்கள் அம்மாவெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுவார், பக்கத்து மேஜைக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களோ என்று. நம் அம்மாக்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கிறது தம்பி, அதை நாம்தான் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. சர்க்கரை உள்ளவரை ராத்திரி ஒன்பதரை வரை பசியோடு காக்க வைக்காதீர்கள். ஏழு, ஏழேகாலுக்கு இலை முன்னால் இருக்க வேண்டும், மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் தெரியும் மாடி என்று ஆசைப்பட்டுப் படி ஏறவைக்க வேண்டாம், கீழ்த்தளமாகப் பாருங்கள். கழிப்பறையில் உட்காருகிற வசதி இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலை அவர் தினமும் பார்க்கிறார்.

கீழக்கரை மருமகன்:

வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள் என்று சொல்வேன், ஜும்மா முடிந்து சாயங்காலம் கடைகள் எல்லாம் திறந்திருக்கும். ராமநாதபுரத்திலிருந்து கார் பிடித்தால் அரை மணி நேரம்தான். நெய்ச்சோறு, கறி ஆணம், தால்ச்சா, இதெல்லாம் உங்கள் அம்மா வீட்டில் ஆக்காத சாப்பாடு. ஆயுசு முழுக்க மீன் தொட்டவரை அன்றைக்கு ஒருநாள் மீன் வாசமே இல்லாத மேஜையில் உட்காரவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். சொல்லி வைத்தால் சஹனில் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள், ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது, அம்மாவோடு இரண்டு பிள்ளைகளும் பேரனும் ஒரு தட்டில். ஆனால் கீழே உட்கார முழங்கால் விடாது என்றால் மேஜையிலேயே வைக்கச் சொல்லுங்கள். தொதல் என்கிற எங்கள் ஊர் இனிப்பை வாங்காமல் போகாதீர்கள், அம்மாவுக்கு மட்டும் சின்னத் துண்டு.

உச்சிப்புளி வாசகி:

மீனே வேண்டாம் என்று நாமாக முடிவு செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடையில் வந்த வஞ்சிரமும் பெரிய நண்டும் யார் வீட்டுக்குப் போனது? விற்றதுபோக மிஞ்சிய சூடையும் காரலும்தானே உங்கள் வீட்டுச் சட்டிக்கு வந்திருக்கும். அந்த நல்ல துண்டு, தான் ஆய்ந்து கழுவாமல், தன் தட்டில் முதலில் விழ வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கக் கூடாதா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரிடமே கேளுங்கள். "எங்கே போகலாம்" என்று கேட்டால் வேண்டாம் என்பார். "வெளியே சாப்பிட்டால் என்ன சாப்பிடப் பிடிக்கும்" என்று வேறு பேச்சுக்கு நடுவில் கேளுங்கள், வாய் திறப்பார்.

பாம்பன் பிள்ளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்காவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நேற்று ராத்திரி அம்மா கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது உச்சிப்புளி அக்கா சொன்ன மாதிரியே அக்கா போனில் கேட்டாள். கொஞ்ச நேரம் பதில் இல்லை, அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: ராமநாதபுரத்தில் அவர் தினமும் கடந்துபோகிற ஒரு சைவ ஓட்டல், எங்களுக்கு இட்லி பார்சல் வாங்கியிருக்கிறார், வெளியே நின்று டீ குடித்திருக்கிறார், உள்ளே உட்கார்ந்ததில்லை. அங்கே நெய் ரோஸ்ட் கூம்பு மாதிரி நிறுத்திக் கொண்டுவருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாராம், அது வேண்டுமாம். எனக்கு இது தெரியவே தெரியாது. நண்டு பற்றிக் கேட்டதற்கு, "அதை நீங்க வீட்டுக்கு வாங்கிட்டு வாங்க, எந்த நண்டுல சதை இருக்கும்னு ஓட்டல்காரனுக்கு என்ன தெரியும்" என்றார்.

ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, அந்த ஓட்டல், கீழ்த்தளத்தில் ஏசி. நண்டு மறுநாள் வீட்டில், அக்காவும் நானும் சமைக்கப் போகிறோம். கீழக்கரைக்கு அக்கா திரும்பிப் போவதற்குள் ஒரு நாள் கட்டாயம். 9 பேருக்கு ஒரே மேஜை தருவார்களா என்பதுதான் தெரியவில்லை, கேக் வெளியிலிருந்து கொண்டுபோக விடுவார்களா?

மண்டபம் மாஸ்டர்:

சைவ ஓட்டலில் சாயங்காலம் மேஜை பிடித்து வைப்பது கஷ்டம் தம்பி, ஆனால் ஆறேமுக்காலுக்கு நீங்கள் மட்டும் முன்னால் போய் சூப்பர்வைசரிடம் சொன்னால் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போடுவார்கள். கேக் முட்டை இல்லாததாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள், முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நெய் ரோஸ்ட் ஆறிப்போனால் ஒன்றுமில்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்காமல் அம்மாவுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத் தட்டு வாங்கிவிடுங்கள்.