ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்புக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம்?

கேள்வி:
வேலையில் இருக்கும் மருந்தாளுநர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றிய பொதுப் பேச்சையெல்லாம் அவர்கள் கேட்டாயிற்று. மறுநாளே கவுன்டரில் கைகொடுக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1:
குழந்தைகளுக்கான திரவ மருந்து அளவு. பாராசிட்டமாலிலேயே தொடங்கலாம்: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி., 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதில் 6.25 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மி.லி. மூன்று பாட்டிலையும் மேசையில் வைத்து, ஒவ்வொருவரையும் ஓரல் சிரிஞ்சில் (வாய்வழி மருந்து அளக்கும், ஊசியில்லாத சிரிஞ்ச்) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் சிரப்புக்கான 3 மி.லி.யைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 300 மி.கி., அதாவது இரு மடங்கு உள்ளே போய்விடும். "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் அந்த வகுப்போடு போகட்டும்.

பதில் 2:
அதோடு உலர் சிரப் (பொடியாக வரும், தண்ணீர் சேர்த்துக் கொடுக்கும் மருந்து) கலக்குவதையும் சேருங்கள். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்க்காமல் குறி வரை தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். முதல் வேளைகளில் மருந்து குறைவாகவும், கடைசியில் அதிகமாகவும் போகும். குறிக்குக் கீழே வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு குறியைத் தொடும்வரை நிரப்ப வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர்தான். சூடாக இருக்கக் கூடாது. கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதிவிடுங்கள்.

பதில் 3:
ஒரே தலைப்புதான் என்றால் நான் மெத்தோட்ரெக்சேட்டைச் சொல்வேன். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் அது வாரம் ஒரு முறை மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். லேபிளில் "வாரம் ஒருமுறை" மட்டும் போதாது. "திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையை முழுதாக எழுதி, நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 2.5, 10 மி.கி. மாத்திரைகளை ஒரே தட்டில் அடுக்காதீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி என்று வந்து நின்றால் களிம்பு கொடுத்து அனுப்பாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வந்தால்?

பதில் 3:
கோ-ட்ரைமாக்சசோல் வந்தால் கொடுக்காமல் நிறுத்தி, எழுதிய மருத்துவரை அழையுங்கள். இரண்டுமே ஃபோலேட்டை (ரத்த அணுக்கள் உருவாகத் தேவையான வைட்டமின்) உடல் பயன்படுத்தவிடாமல் தடுப்பவை. சேர்ந்தால் மஜ்ஜை பாதிப்பு கடுமையாகும்.