கையால் எழுதிய பைபிளை நூலகத்தில் பார்த்தேன்

இந்த இழையில் பலரும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பழைய சுவடிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி அனுபவம். மினசோட்டாவில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து ஊர்ப் பொது நூலகத்தில் 'செயின்ட் ஜான்ஸ் பைபிள்' வைத்திருக்கிறார்கள் என்று அண்ணி அழைத்துப் போனார். கை சுத்தமாக இருந்தால் போதும், தாளைத் தொட்டே பார்க்கலாம் என்றார் நூலகர். எனக்கு நம்பவே முடியவில்லை.

நூலகங்களுக்கு வருவது மூலப்பிரதி அல்ல. அது அதே மாநிலத்தின் காலேஜ்வில்லில், பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் இருக்கிறது. 1998-இல் முழு பைபிளையும் கையால் எழுதும் வேலையை அவர்கள் ஒப்படைத்தது எழுத்தணிக் கலைஞர் டொனால்ட் ஜாக்சனிடம். பிரிட்டன் அரசிக்காக அரசு ஆவணங்களை எழுதியவர். வேல்ஸில் அவருடைய பட்டறையில் ஒரு குழுவே உட்கார்ந்து எழுதி 2011-இல் முடித்தது. ஏழு தொகுதிகள், 1,100-க்கும் மேற்பட்ட பக்கங்கள். அதே அளவில் பருத்தித் தாளில் அச்சிட்ட 299 பிரதிகளில் ஒன்றின் ஒரு தொகுதிதான் நான் பார்த்தது. உயரம் இரண்டடி, விரித்தால் அகலம் அதற்கும் மேல்.

அச்சுப் பிரதி என்றால் என்ன பெரிதாக இருந்துவிடும் என்று நினைக்காதீர்கள். லேசாகத் தாளைச் சாய்த்தால் பொன் பூச்சு மின்னுகிறது. மூலத்தை எழுதியது கன்றுத் தோலில், வாத்து, அன்னம், வான்கோழி இறகுகளைச் சீவி. கறுப்பு மை, 19-ஆம் நூற்றாண்டுச் சீன மைக்கட்டியை உரைத்து எடுத்தது. பொன் தகடு ஒட்ட வேண்டிய இடத்தில் மூங்கில் குழாய் வழியாக ஊதுவார்களாம். அந்த மூச்சின் ஈரத்தில் தகடு பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் எந்த வரி எங்கே முடிய வேண்டும் என்று திட்டமிட்டது கணினியில்தான். அப்படிச் செய்ததால்தான் பல பேர் ஒரே சமயத்தில் வெவ்வேறு பக்கங்களை எழுத முடிந்தது.

நான் பார்த்தது பைபிளின் நீதிமொழிகள் போன்ற பகுதிகள் அடங்கிய ஞான நூல்கள் தொகுதி. அசந்து நின்றது அதில் ஒரு பக்கத்தில். எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார். தோலில் ஓர் எழுத்து தப்பினால் கத்தியால் சுரண்டி மேலே எழுதிவிடலாம். முழு வரியே விட்டுப்போனால் இடத்துக்கு எங்கே போவது? விட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, அதில் கயிறு கட்டி, கப்பி மாட்டி, ஒரு தேனீ அதை மேலே இழுப்பதாக வரைந்துவிட்டார்கள். வரி சேர வேண்டிய இடத்துக்கே கயிறு போகிறது. சிறகின் நரம்புகூடத் தெரிகிறது. தப்பை மறைக்காமல் இவ்வளவு அழகாகத் திருத்தியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை; அண்ணி பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்புறம், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் ஊர் நூலகத்துக்கு நற்செய்தித் தொகுதி வந்தால் லூக்காவின் உவமைகள் வரும் படத்தைத் தேடிப் பாருங்கள். ஊதாரி மகன் கதையோடு நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் வரைந்திருக்கிறார்கள். மூடிவைத்திருந்தால் தயங்காமல் நூலகரிடம் கேளுங்கள், எங்களுக்கு அவரே புரட்டிக் காட்டினார்.