புள்ளைங்கள தூங்க வைக்கிற நேரத்துல ஆட ஃப்ரீ கேம் சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ் ஒரு ஹெல்ப். பொண்ணுக்கு நாலு வயசு, பையனுக்கு ரெண்டு, நான் நடுவுல படுத்தாத்தான் தூங்குவாங்க, ஒண்ணு கையப் புடிச்சுக்கும் இன்னொண்ணு கால மேல போட்டுக்கும், எந்திரிக்கவே முடியாது. சும்மா எவ்ளோ நேரம்தான் ஃபேனையே பாக்குறதுன்னு போன்ல தேடினப்ப ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன்னு ஒரு கேம் கிடைச்சுது. செம! ஆண்ட்ராய்டுல ஃப்ரீ, விளம்பரம் இல்ல, நெட்டும் வேணாம், டர்ன் பேஸ்டு வேற, அதனால பையன் புரண்டா போன வச்சிட்டு தட்டிக் குடுக்கலாம், நாம அடுத்து தொடுற வரைக்கும் எதிரி அப்படியே நிப்பான் (வீட்டுல யாரும் இவ்ளோ பொறுமை கிடையாது). சைமன் டாத்தம் பஸில்ஸும் இதே மாதிரி ஃப்ரீதான், 30-க்கு மேல புதிர் இருக்கு.

இந்த மாதிரி வேற என்ன இருக்கு? ஒத்தக் கைல ஆடணும், சவுண்டு இல்லாம புரியணும், டைமர் கூடாது, ஸ்கிரீன் கருப்பா இருந்தா நல்லது, வெளிச்சம் பட்டா பொண்ணு முழிச்சிக்கிறா. எபிக் கேம்ஸ் ஸ்டோர்ல வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கேம் ஃப்ரீயா குடுக்குறது தெரியும், ஆனா அதுக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணுமே.

அப்படியே நாலு வயசுப் புள்ளைய தனியா தூங்கப் பழக்குனவங்க இருந்தா அதையும் சொல்லுங்க ப்ளீஸ், அழவிடாம.