எம்எஸ்கான்ஃபிக் மாற்றியதும் விண்டோஸ் 10 திறக்கவில்லை

கேள்வி: வேகம் கூடும் என்று தம்பி எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) ‘மேக்சிமம் மெமரி’யை டிக் செய்துவிட்டான். அதிலிருந்து நீலத் திரைதான். அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடும் வரவில்லை. அம்மாவின் படங்களெல்லாம் உள்ளே இருக்கின்றன. ஃபார்மட் செய்யாமல் வழி உண்டா?

பதில் 1: பயப்படாதீர்கள், படங்கள் அப்படியே இருக்கும். அந்த டிக் ரேமைக் கூட்டாது; விண்டோஸ் பயன்படுத்தும் அளவுக்கு வரம்பு கட்டும். விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் பூட் அமைப்பில் பதிவாவதால்தான் சேஃப் மோடிலும் தொல்லை. ரிப்பேர் திரையில் ட்ரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் கமாண்ட் பிராம்ப்ட் திறங்கள். அதில் ஆங்கிலத்தில் இப்படி டைப் செய்யுங்கள்: பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோடு (/), டெலீட்வேல்யூ, இடைவெளி, நெளிவு அடைப்புக்குள் டீஃபால்ட், இடைவெளி, ட்ரன்கேட்மெமரி. என்டர் தட்டுங்கள்.

பதில் 2: டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாருங்கள்.

கேட்டவர்: திறந்துவிட்டது அண்ணா! முதல் வேலையாகப் படங்களை வெளி டிரைவில் நகலெடுக்கிறேன். ரொம்ப நன்றி.