1999 மாடல் ஜென்னுக்கு இடதுபக்க ஃபெண்டர் தேவை

வணக்கம் நண்பர்களே. அப்பா ஆசையாக வாங்கிய மாருதி ஜென், 1999 மாடல். போன வாரம் கேட் தூணில் உரசி இடதுபக்க முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) கிழிந்துவிட்டது. டிங்கரிங் செய்தாலும் நிற்காது என்கிறார் மெக்கானிக்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் 2003-க்குப் பிந்தைய மாடலுடையது. அதில் ஹெட்லைட், பானெட் எல்லாமே மாறிவிட்டதால் என் வண்டிக்குப் பொருந்தாது. பழைய உருண்டை முகப்பு ஜென்னுடையதுதான் வேண்டும்.

எந்த நிறமானாலும் சரி, பெயின்ட் அடித்துக்கொள்வேன். ஆனால் போல்ட் ஓட்டைகள் துருப்பிடிக்காமல், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசாத ஒரிஜினல் தகடாக இருக்க வேண்டும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது என்பதால், காந்தம் வைத்துப் பார்த்தே வாங்குவேன். கோவை உக்கடம் பக்கம் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.