நல்லா வேலை செய்யற பையன், ஆனா மீட்டிங்ல வாய் திறக்க மாட்டான். இது யார் தப்பு?

கேட்டவர்: மொட்டைமாடி

எங்க சாஃப்ட்வேர் டீம்ல ஒரு பையன் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. வீட்ல முதல் பட்டதாரி. கோட் அவ்ளோ சுத்தமா எழுதுவான், ஆனா மீட்டிங்னா தலைய குனிஞ்சு உக்காந்துடுவான். போன மாசம் ஒரு டிசைன்ல தப்பு இருந்து ரிலீஸுக்கு அப்புறம் எல்லாம் படுத்துடுச்சு, பாத்தா அவன் நோட்டுல அதே இடத்த பென்சில்ல வட்டம் போட்டு பக்கத்துல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கான், அதுவும் மூணு வாரம் முன்னாடியே. ஏன்டா சொல்லலன்னு கேட்டா "சீனியர்ஸ் எல்லாம் பேசிட்டு இருந்தீங்களே"ங்கறான்.

அவனோட சேர்ந்த இன்னொருத்தன் வேலைல சுமார்தான், அப்பா அம்மா ரெண்டு பேரும் பெரிய பதவில இருக்கறவங்க, நல்லா பேசுவான், ப்ரமோஷன் அவனுக்குத்தான். இவனுக்கு "கான்ஃபிடன்ஸ் பத்தாது"ன்னு மேனேஜர் எழுதிட்டாரு. எனக்கு மனசே ஆறல. உழைச்சா மேல வந்துடலாம்ங்கறது உண்மையா, இல்ல பொறந்த வீடுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதா?

பதில்: கரிசல்காடு

உழைப்பு வேணும், ஆனா உழைக்க இடம் கிடைக்கணுமே. கனடா ஐஸ் ஹாக்கி கதைய பாருங்க. அங்க பசங்கள வயசு வாரியா பிரிக்கறதுக்கு ஜனவரி 1 தான் கணக்கு. 1980-கள்ல ரோஜர் பார்ன்ஸ்லிங்கற உளவியல் ஆய்வாளர் கவனிச்சாரு, நல்ல டீம்ல இருக்கற பசங்கள்ல வருஷ ஆரம்பத்துல பொறந்தவங்கதான் ஜாஸ்தி. ஒம்பது வயசுல பத்து மாசம் மூத்தவன் கொஞ்சம் பலசாலியா இருப்பான், அத திறமைன்னு நினைச்சு எடுத்துக்கறாங்க, எடுத்தவனுக்கு நல்ல கோச், நிறைய மேட்ச், நாலு வருஷம் கழிச்சு அவன் நிஜமாவே நல்ல ஆட்டக்காரன் ஆயிடறான். டிசம்பர்ல பொறந்தவன் வீட்ல உக்காந்திருப்பான்.

பில் கேட்ஸும் அப்படித்தான், 1968-ல 13 வயசுலயே அவர் படிச்ச ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டெர்மினல் (தூரத்துல இருக்கற பெரிய கம்ப்யூட்டரோட இணைஞ்ச மெஷின்) இருந்துச்சு, அப்ப அது அபூர்வம். ராத்திரி பகலா உழைச்சாரு, அத மறுக்கல. அந்த ரூம் கதவு தொறந்திருந்துச்சுங்கறதையும் சேத்து சொல்லணும்.

பதில்: ரயில்சிநேகம்

என் அனுபவத்துல வளர்ப்புதாங்க பெரிய விஷயம். சில வீடுகள்ல டாக்டர்கிட்ட போற வழியிலயே அம்மா சொல்லுவாங்க, "உனக்கு என்ன கேக்கணுமோ யோசிச்சு வச்சுக்கோ, நீயே கேளு"ன்னு. அந்த குழந்தைக்கு பெரியவங்கள கேள்வி கேக்கறது சாதாரணம். எங்க வீட்ல டாக்டர், வாத்தியார் முன்னாடி கைய கட்டி நிக்கணும், குறுக்க பேசினா அடி. அது மரியாதைன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க, இன்னிக்கும் அத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஆபீஸ்ல அதே மரியாதைக்கு "கான்ஃபிடன்ஸ் இல்ல"ன்னு பேர் வச்சுடறாங்க, அதான் வலிக்குது. உங்க பையன் மாறுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல, ஊறிப்போன விஷயம்.

பதில்: நடுவானம்

ரயில்சிநேகம் அக்கா, கடைசி வரிய மட்டும் ஏத்துக்க முடியல. 1977-ல டெனெரிஃப்ங்கற ஸ்பெயின் தீவு ஏர்போர்ட்ல பனிமூட்டத்துல ரெண்டு ஜம்போ விமானம் மோதி 583 பேர் செத்தாங்க. ஓடுபாதைல இன்னொரு விமானம் இன்னும் நிக்குதோன்னு டச்சு விமானத்தோட காக்பிட்ல இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு சந்தேகம், கேட்டும் பாத்தாரு. கேப்டன் அந்த கம்பெனியில பைலட்டுகளுக்கே டிரெய்னிங் குடுக்கற பெரிய ஆளு, போயாச்சுன்னு உறுதியா சொல்லிட்டாரு, அதுக்கு மேல யாரும் தடுக்கல. இத்தனைக்கும் அவங்க நேருக்கு நேர் பேசறதுக்கு பேர் போன நாட்டுக்காரங்க. அதனால இது வளர்ப்பு மட்டும் இல்ல, மேல இருக்கறவர் முன்னாடி யாருக்கும் வாய் அடைக்கும்.

அப்புறம் என்ன பண்ணாங்க, சின்னவங்கள திட்டல. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்னு ஒரு பயிற்சி வந்துச்சு, கீழ இருக்கறவர் எப்படி அழுத்தி சொல்லணும்னு பழக்கினாங்க, அதவிட முக்கியமா கேப்டன் காது குடுத்து கேக்கறதையும் பழக்கினாங்க. இந்த ரெண்டாவது பாதி உங்க மேனேஜருக்கு.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றிங்க. நடுவானம் சொன்னது உறைச்சுது, ஏன்னா அந்த மீட்டிங்ல விடாம பேசிட்டு இருந்த சீனியர்ல நானும் ஒருத்தன். இனிமே டிசைன முந்தின நாளே அனுப்பிட்டு முதல்ல அவன்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன். அந்த பென்சில் வட்டம் போட்ட பக்கத்த மேனேஜர்கிட்ட காட்டணும், அவன் சரின்னு சொன்னா இந்த வாரமே.